கால அட்டவணையில் இல்லாத பாடங்கள்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். கழகம் கடந்து வந்த இருபத்தைந்து ஆண்டுகளைப் பற்றி அதனை நேரில் நடத்திய மூத்தோர் எழுதுவதே முறை. ஆதலின் நாம் கடல் கடந்த ஒரு சிற்றூரின் அரசுப் பள்ளியைப் பற்றி எழுதத் துணிந்தோம். வரலாற்றாசிரியராய்த் தொடங்கித் தலைமையாசிரியராய்ப் பணிபுரியும் நமக்கு, அப்பள்ளியின் கதையைப் படிக்குந்தோறும் நம் பள்ளிகளின் வருகைப் பதிவேடும் கால அட்டவணையும் கண்முன் வந்து நிற்கின்றன.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வர்ஜீனியா என்பது ஒரு மாநிலம். அதன் தென்பகுதியில், புகையிலை பயிரிடும் நிலப்பரப்பில், பிரின்ஸ் எட்வர்டு என்னும் மாவட்டம் உள்ளது. அதன் தலைமை ஊர் ஃபார்ம்வில். 1950ஆம் ஆண்டளவில் ஐயாயிரம் பேர்கூட வாழாத ஊர் அது. ஆயினும் அவ்வூரில் அரசு உயர்நிலைப் பள்ளிகள் இரண்டு இருந்தன. ஒன்று வெள்ளையர் பிள்ளைகளுக்கு. மற்றொன்று கறுப்பினப் பிள்ளைகளுக்கு. முன்னதன் பெயர் ஃபார்ம்வில் உயர்நிலைப் பள்ளி. பின்னதன் பெயர் ராபர்ட் ரசா மோட்டன் உயர்நிலைப் பள்ளி. அம்மாவட்டத்தில் வளர்ந்து, பின்னர் அலபாமா மாநிலத்தின் புகழ்பெற்ற டஸ்கிகீ நிறுவனத்துக்குத் தலைவராய் விளங்கிய கறுப்பினக் கல்வியாளரின் பெயர் அது.

இரு பள்ளிகள் ஏன் என்று வினவுவோர்க்கு விடை சட்டத்திலேயே இருந்தது. தனித்தனியே வைத்தாலும் சமமாக வைத்தால் குற்றமில்லை என்று 1896ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. வெள்ளைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் ஒரே பள்ளியில் கற்பிக்கப்படலாகாது என்று வர்ஜீனியாவின் 1902ஆம் ஆண்டு அரசியல் சட்டம் எழுதி வைத்தது. தனிமை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. சமம் மட்டும் ஏட்டிலேயே தங்கிற்று.

மோட்டன் பள்ளியின் செங்கற் கட்டடம் 1939ஆம் ஆண்டில் எழுந்தது. 180 மாணவர்க்கென அமைக்கப்பட்ட கட்டடம் அது. உடற்பயிற்சிக் கூடம் இல்லை. உணவுக் கூடம் இல்லை. முறையான அறிவியல் ஆய்வுக் கூடம் இல்லை. 1950ஆம் ஆண்டளவில் அங்குப் பயின்றோர் 450க்கு மேற்பட்டோர். இடம் போதாமையால் கூட்ட மண்டபத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகுப்புகள் நடந்தன. ஒருமுறை பள்ளிப் பேருந்தின் உள்ளேயே வகுப்பு நடந்ததும் உண்டு. பெற்றோர் முறையிட்டபோது, மாவட்டப் பள்ளி வாரியம் புதுக் கட்டடத்துக்கு மாறாக மூன்று மரக் கொட்டகைகளை எழுப்பிக் கொடுத்தது. அவற்றின் சுவரும் கூரையும் தார் பூசிய தாளால் போர்த்தப்பட்டவை. மழை பெய்தால் ஒழுகும்; பிள்ளைகள் உள்ளேயே குடை விரித்து அமர்வர். குளிர்காலத்தில் நடுவே ஓர் அடுப்பு எரியும். அதன் அருகில் இருப்போர்க்கு வேர்க்கும், தொலைவில் இருப்போர் மேலாடை களையார். வழிப்போக்கர் சிலர் அவற்றைக் கோழிப் பண்ணை என்றே கருதினராம்.

கட்டடத்தின் குறையைக் கண்ணுள்ள எவரும் காண்பர். பாடத்தின் குறை அத்தகையதன்று. ஒரு பள்ளியில் ஒரு பாடம் கற்பிக்கப்படவில்லை என்றால், அங்குப் பயிலும் பிள்ளைக்கு அப்பாடம் உலகில் இருப்பதே தெரியாமற் போகலாம். ஒழுகும் கூரைக்காக அழும் பிள்ளை, கற்பிக்கப்படாத இயற்பியலுக்காக அழுவதில்லை. நாம் முன்னர்ப் பணிபுரிந்த ஒரு மேல்நிலைப் பள்ளியில், ஆசிரியர் பணியிடம் இன்மையால் அறிவியற் பிரிவே இல்லாதிருந்தது. பத்தாம் வகுப்பில் கணக்கில் முதல் மதிப்பெண் பெற்ற நம் சமூகத்துப் பெண்ணொருத்தி, இருந்த பிரிவில் சேர்ந்து மகிழ்ச்சியுடன் படித்து முடித்தாள். தான் எதனை இழந்தாள் என்பதை அவள் அறியாள். அறிந்திருந்த நாமோ அன்று வாய் திறந்தோமில்லை. இதனை எழுத நாணமாகத்தான் இருக்கிறது.

மோட்டன் பள்ளியில் கற்பிக்கப்படாதவை எவை என்பது, ஒரு வழக்கின் காரணமாக நீதிமன்றத் தீர்ப்பிலேயே பட்டியலாகப் பதிவாகியிருக்கிறது. இயற்பியல், உலக வரலாறு, இலத்தீன், உயர்நிலைத் தட்டச்சும் சுருக்கெழுத்தும், மரவேலை, உலோக வேலை, இயந்திரப் பணிமனை வேலை, வரைபடக் கலை ஆகிய இவை வெள்ளையர் பள்ளியில் உண்டு, மோட்டனில் இல்லை. இளைஞர்கள் இப்பட்டியலை விரைந்து கடந்துவிடாமல் சற்று நின்று நோக்குதல் வேண்டும். இயற்பியல் இல்லையென்றால் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் செல்லும் வாயில் குறுகிவிடுகிறது. உயர்நிலைத் தட்டச்சும் சுருக்கெழுத்தும் இல்லையென்றால் அலுவலக வேலை எட்டாது. கைத்தொழிலுக்கே உரியவர் கறுப்பர் என்று ஓயாது பேசிய சமுதாயம், மரவேலையும் இயந்திர வேலையுமாவது முறையாகக் கற்றுக்கொடுத்ததா என்றால் அதுவும் இல்லை. கூலி உயர்ந்த தொழில்களின் கதவும் அடைபட்டிருந்தது. உலக வரலாறு ஏன் விலக்கப்பட்டது என்பதற்கு எவரும் காரணம் எழுதி வைக்கவில்லை. பொருளும் இடமும் இன்மை என்றே சொல்லியிருப்பர். ஆனால் வேறு நாடுகளில் மனிதர் வேறு விதமாய் வாழ்ந்தனர், ஆட்சிகள் வீழ்ந்தன, அடிமைகள் எழுந்தனர் என்பதை அறியும் பாடம் அதுவே என்பது வரலாறு கற்பிக்கும் நமக்கு நன்கு தெரியும்.

இத்துணைக் குறைகளுக்கிடையே அப்பள்ளியை நடத்தியவர்கள் ஆசிரியர்களே. தலைமையாசிரியர் பாய்ட் ஜோன்ஸ் கற்றவர், செயல் வீரர். வரலாறு கற்பித்த ஆசிரியர் காலையில் பள்ளிப் பேருந்தை ஓட்டி வருவார். வந்ததும் விறகு சேர்த்துக் கொட்டகையின் அடுப்பை மூட்டுவார். அதன் பின்னரே கரும்பலகையின் முன் நிற்பார். அந்தப் பேருந்தும் வெள்ளையர் பள்ளி பயன்படுத்திக் கழித்ததே. பாட நூல்கள் பலவும் அவ்வாறே. இசை ஆசிரியை ஐனெஸ் டேவன்போர்ட் பாடகர் குழுவைப் பயிற்றினார். பாடகர் குழு, நாடகம், மாணவர் மன்றம் என மோட்டன் பிள்ளைகள் பிற ஊர்ப் பள்ளிகளுக்குச் சென்று வந்தனர். அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கே நல்ல கட்டடங்கள் இருந்ததையும் கண்டனர். பாடத்திட்டத்தில் இல்லாத ஒப்பீடு என்னும் பாடத்தை அவர்கள் இவ்வாறு வெளியே கற்றனர்.

ஆசிரியர்கள் ஏன் தாமே முன்னின்று போராடவில்லை என்று கேட்பது எளிது. அவர்களை நியமிப்பதும் நீக்குவதும் வெள்ளையர் நிரம்பிய பள்ளி வாரியத்தின் கையில் இருந்தது. ஆண்டுதோறும் ஒப்பந்தம், புதுப்பிக்க மறுத்தால் கேட்பாரில்லை. அதே மாநிலத்தின் நார்ஃபோக் நகரில், வெள்ளை ஆசிரியர்க்கு நிகரான ஊதியம் வேண்டி வழக்குத் தொடுத்த ஏலின் பிளாக் என்னும் வேதியியல் ஆசிரியை 1939ஆம் ஆண்டில் வேலை இழந்தார். அவ்வழக்கை மெல்வின் ஆல்ஸ்டன் என்னும் மற்றோர் ஆசிரியர் தொடர்ந்து நடத்தினார். 1940ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊதிய வேறுபாடு சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. வெற்றிதான். எனினும் முன்னே நிற்பவர்க்கு என்ன நேரும் என்பதை மாநிலத்தின் ஒவ்வோர் ஆசிரியரும் அதிலிருந்து அறிந்துகொண்டனர்.

பார்பரா ரோஸ் ஜான்ஸ் மோட்டன் பள்ளியின் பதினொன்றாம் வகுப்பு மாணவி, அகவை 16. பள்ளியின் இழிநிலையைப் பற்றி இசை ஆசிரியையிடம் ஒரு நாள் அவர் குறைபட்டுக்கொண்டார். ஆசிரியை நீண்ட ஆறுதல் கூறவில்லை. நீயே ஏதேனும் செய்தால் என்ன என்னும் பொருள்படக் கேட்டார். தம்மைத் தட்டிக் கழிப்பதாக அப்பெண் முதலில் எண்ணினாராம். பின்னர் ஒரு நாள் காலை பேருந்தைத் தவறவிட்டுச் சாலையோரம் காத்திருந்தபோது, வெள்ளைப் பிள்ளைகளின் பேருந்து பாதி வெற்றிடத்துடன் அவரைக் கடந்து சென்றது. அதன் பின்னரே ஆசிரியையின் வினா வேலை செய்யத் தொடங்கியது. ஒரு வகுப்பறையில் ஆசிரியர் கேட்கும் வினாக்களுள் எது எப்போது முளைக்கும் என்பதை யாரும் சொல்ல இயலாது.

1951 ஏப்ரல் 23ஆம் நாள். பேருந்து நிலையத்தில் மாணவர் சிலர் இடரில் சிக்கியுள்ளனர் என்று தலைமையாசிரியர்க்கு ஒரு தொலைபேசி வந்தது. அவர் விரைந்து வெளியேறினார். உடனே, தலைமையாசிரியர் அழைப்பது போன்ற குறிப்புகள் வகுப்புதோறும் சென்றன. அனைவரும் மண்டபத்தில் கூடினர். திரை விலகியபோது மேடையில் நின்றவர் பார்பரா. ஆசிரியர்களை வெளியேறுமாறு வேண்டிவிட்டு, மாணவரிடம் அவர் பேசினார். அனைவரும் பள்ளியை விட்டு வெளிநடந்தனர். தலைமையாசிரியரைப் பொய் சொல்லி அப்புறப்படுத்தியது ஏன் என்பதில் அவர்களின் நுண்ணறிவு விளங்குகிறது. அவர் அங்கே இருந்தால் பழி அவர்மேல் விழும் என்பதே காரணம். (நம் பள்ளி மாணவர் இதனைப் படித்துத் தொலைபேசியை நாடாதிருப்பாராக.) திரும்பி வந்த ஜோன்ஸ் வகுப்புக்குச் செல்லுமாறு வேண்டினார். பிள்ளைகள் இசையவில்லை.

வேலைநிறுத்தம் இரண்டு வாரம் நடந்தது. மாணவர் கேட்டது நல்ல பள்ளிக் கட்டடம். நிறமக்கள் முன்னேற்றத் தேசியச் சங்கத்தின் வழக்கறிஞர்களான ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் இருவரும் ஏப்ரல் 25 அன்று ஊர்த் திருச்சபையில் அவர்களைச் சந்தித்தனர். பிள்ளைகளை அறிவுரை கூறித் திருப்பி அனுப்பிவிடலாம் என்று எண்ணி வந்தவர்கள் அவர்கள். ஆனால் எதிரே அமர்ந்திருந்தோரின் உறுதியைக் கண்டதும் கருத்து மாறினர். ஒரு நிபந்தனை மட்டும் விதித்தனர்: சமமான தனிப்பள்ளி கேட்டு வழக்காடமாட்டோம், தனிப்பள்ளி என்னும் முறையையே எதிர்ப்பதானால் வருகிறோம். பெற்றோர்க்கு இது பெரிய வினா. கூரை கேட்டவர்கள் இப்போது ஊரின் அமைப்பையே எதிர்க்க வேண்டும். வயலும் கடனும் வேலையும் வெள்ளையரைச் சார்ந்து இருந்தன. திருச்சபைப் போதகர் பிரான்சிஸ் கிரிஃபின் துணை நின்றார். பெரும்பாலோர் இசைந்தனர். 1951 மே 23 அன்று 117 மாணவர் பெயரில் வழக்குப் பதிவாயிற்று. பட்டியலில் முதற்பெயர் டாரதி டேவிஸ் என்னும் பதினான்கு அகவை மாணவியுடையது. அவர் பெயராலேயே வழக்கு வழங்குகிறது. தலைமையாசிரியர் ஜோன்ஸின் ஒப்பந்தம் அவ்வாண்டு புதுப்பிக்கப்படவில்லை. மாணவர் அத்துணை முன்னெச்சரிக்கையாய் இருந்தும் பழி அவர்மேலேயே விழுந்தது. பார்பராவைக் காக்கும் பொருட்டு, அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில் போதகராயிருந்த பெரியப்பா வெர்னன் ஜான்ஸின் இல்லத்துக்குப் பெற்றோர் அனுப்பிவைத்தனர்.

1952 பிப்ரவரியில் ரிச்மண்ட் நகரில் மூவர் அடங்கிய நீதிமன்றம் வழக்கைக் கேட்டது. உளவியல் அறிஞர் கென்னத் கிளார்க், பிரித்து வைத்தல் பிள்ளை மனத்தை ஊனப்படுத்துகிறது என்று மாணவர் தரப்பில் சான்று கூறினார். அவரை மறுக்க மாநிலம் அழைத்து வந்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி காரெட். அவர் கிளார்க்குக்கும் அவர் துணைவியார் மேமி கிளார்க்குக்கும் கற்பித்த ஆசிரியர். கறுப்பின மாணவர் தம் சொந்தப் பள்ளியில் இருப்பதே அவர்களுக்கு நன்று என்று அவர் கூறினார். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற பல்கலைக்கழகம் அதுவே என்பதை நினைக்கையில் ஒன்று தோன்றுகிறது. ஒரே கல்விக்கூடம் எத்துணை வேறுபட்ட மனிதரை உருவாக்க வல்லது!

தீர்ப்பு மார்ச் மாதம் வந்தது. கட்டடம், பாடங்கள், பேருந்து மூன்றிலும் மோட்டன் தாழ்ந்துள்ளது என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. நாம் மேலே கூறிய பாடப் பட்டியல் அத்தீர்ப்பில் உள்ளதே. குறைகளை விரைந்து நீக்குமாறு ஆணையிட்டது. ஆனால் பிரித்து வைப்பதால் எவருக்கும் தீங்கு காணவில்லை என்றும் எழுதியது. தீங்கின் பட்டியலைத் தம் கையாலேயே எழுதிவிட்டு, அடுத்துத் தீங்கில்லை என்று எழுத அந்த நடுவர்களால் முடிந்தது. பல்லாண்டு கேட்டுக் கிடைக்காத புதுக் கட்டடம் 1953ஆம் ஆண்டிலேயே எழுந்துவிட்டது. பணம் இல்லை என்று அதுவரை கூறப்பட்டதன் உண்மை இதனால் விளங்கும்.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. வேறு நான்கு வழக்குகளுடன் சேர்ந்து, பிரவுன் வழக்கு என்னும் பெயரால் 1954 மே 17 அன்று முடிவு கண்டது. பொதுப் பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டத்துக்குப் புறம்பானது என்று அனைத்து நடுவரும் ஒருமித்துக் கூறினர். இது உலகறிந்த செய்தி. ஃபார்ம்வில்லில் அதன் பின் நடந்தது அத்துணை அறியப்படாதது.

ஐந்து ஆண்டுகள் தட்டிக் கழித்த பின், இனிமேல் இணைத்தே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் வற்புறுத்தியபோது, மாவட்ட ஆட்சிக் குழு 1959 ஜூனில் ஒரு முடிவெடுத்தது. பொதுப் பள்ளிகளுக்கு ஒரு காசும் ஒதுக்குவதில்லை என்பதே அது. அவ்வாண்டுச் செப்டம்பரில் மாவட்டத்தின் எந்த அரசுப் பள்ளியும் திறக்கவில்லை. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தொடங்கப்பட்டது. முதலில் அது தேவாலயங்களிலும் கிடைத்த கட்டடங்களிலும் நடந்தது. வெள்ளை ஆசிரியர்களுள் பெரும்பாலோர் அங்கே பணியமர்ந்தனர். கட்டணம் செலுத்த இயலாத ஏழை வெள்ளைப் பிள்ளைகள் சிலரும் கல்வி இழந்தனர். கறுப்பினப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,700 பேருக்கு எதுவுமில்லை. அவர்களின் ஆசிரியர்களுக்கு வேலையும் இல்லை. அவர்கள் வேறு மாவட்டங்களுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றனர். கொட்டகையில் அடுப்பு மூட்டிக் கற்பித்த தலைமுறையின் அனுபவம் முழுவதும் அவ்வூரை விட்டு அவ்வாறு கலைந்து போயிற்று. 1953இல் எழுந்த நல்ல கட்டடமோ பூட்டிக் கிடந்தது.

மக்கள் வாளாவிருக்கவில்லை. திருச்சபைகளின் நிலவறைகளில் பயிற்சி மையங்கள் நடந்தன. அவற்றைப் பள்ளி என்று அழைக்க அவர்கள் உடன்படவில்லை. பள்ளி என்று பெயரிட்டால், பிள்ளைகளுக்குத்தான் பள்ளி இருக்கிறதே என்று மாவட்டம் தப்பித்துக்கொள்ளும் அல்லவா? மேல் வகுப்பு மாணவர் சிலர் வட கரோலினாவின் கிட்ரெல் கல்லூரிக்குச் சென்று பயின்றனர். குவேக்கர் சமயத்தாரின் சேவைச் சங்கம் சிலரை வேறு மாநிலக் குடும்பங்களில் தங்க வைத்துப் படிக்கச் செய்தது. அக்கம்பக்கத்து மாவட்டங்களில் உறவினர் வீட்டு முகவரி கொடுத்துச் சேர்ந்தோரும் உண்டு. எவ்வழியும் இல்லாதோர் வயலுக்குச் சென்றனர். 1963 செப்டம்பரில், நன்கொடையால் இலவசப் பள்ளிகள் ஓராண்டு நடந்தன. நாட்டின் பல பகுதிகளிலிருந்து இரு இனத்து ஆசிரியரும் வந்து கற்பித்தனர். நான்கு ஆண்டுகள் கரும்பலகையைக் காணாத பிள்ளைகள் முன் அவர்கள் நின்றனர். அகவையால் மேல் வகுப்புக்கு உரியோர்க்கும் எழுத்தறிவிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

1964 மே 25 அன்று உச்ச நீதிமன்றம் கிரிஃபின் வழக்கில், பள்ளிகளை மூடி வைத்தது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் பொதுப் பள்ளிகள் திறந்தன. வழக்கு போதகரின் பிள்ளைகள் பெயரால் நடந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. வழக்குத் தொடங்கியபோது ஒன்பதாம் வகுப்பில் இருந்தோர் அப்போது முப்பதை நெருங்கியிருந்தனர். இணைந்த பள்ளியில் அவர்கள் ஒரு நாளும் படிக்கவில்லை.

பார்பரா ஜான்ஸ் நூலகராய்ப் பிலடெல்ஃபியா நகரில் பணிபுரிந்து, ஐந்து பிள்ளைகளை வளர்த்து, 1991ஆம் ஆண்டில் மறைந்தார். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பில் நின்ற, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படைத்தலைவர் ராபர்ட் லீயின் சிலை 2020 டிசம்பரில் அகற்றப்பட்டது. அவ்விடத்துக்கு மாநிலம் தேர்ந்தெடுத்தது பார்பராவின் உருவத்தையே. 1939ஆம் ஆண்டுச் செங்கற் கட்டடத்தை, அங்கே உயர்நிலைக் கல்வி வேண்டிப் பாடுபட்ட கறுப்பின மகளிர் மன்றத்தின் வழிவந்தோர் முயன்று காத்தனர். 2001 முதல் அது அருங்காட்சியகம்.

2003ஆம் ஆண்டில், பள்ளி மூடப்பட்டதால் படிப்பை இழந்தோர்க்கு மாவட்டப் பள்ளி வாரியம் மதிப்புறு சான்றிதழ்கள் வழங்கியது. 2004ஆம் ஆண்டில், விட்ட இடத்திலிருந்து படிக்க விரும்புவோர்க்கு உதவித்தொகைத் திட்டம் ஒன்றை மாநிலச் சட்டமன்றம் ஏற்படுத்தியது. ஐம்பது அகவையைக் கடந்தோர், நம்மை ஒத்த வயதினர், அதற்கு விண்ணப்பம் எழுதினர். பாட்டனும் பாட்டியுமாகிவிட்ட பின்னர்ப் புத்தகத்துடன் வகுப்பில் போய் அமர்ந்தனர்.